கிண்ணத்தை எடுத்துவிடாதே

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலை, உன்னை விசாரித்தாள்.

திரைச்சீலையின் நிறத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். உன் பந்து மலைப்பாம்பு சுருளிக்கு இரண்டே வரி! அதையும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் சாய்த்து எழுதியிருக்கிறாய். சுருளி சில நாட்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வருவதே இல்லை, உடம்புக்கு ஆகாது என்பதால் கிண்ணத்தை எடுத்துவிட்டு இரவில் மட்டும் வைக்கப்போகிறாய் என்கிறாய். நான் உடனே உட்கார்ந்து எழுதுவது இந்த இரண்டு வரிக்காகத்தான்.

கிண்ணத்தை எடுக்காதே, மீனா. மற்றதையெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள், இதை மட்டும் இப்போதே கேள். சுருளிக்கு ஏதோ ஒரு தொல்லை இருக்கிறது. அதற்குத் தன்னால் முடிந்த ஒரே பரிகாரத்தை அது தேடிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தை எடுத்தால் தொல்லை அப்படியே இருக்கும், பரிகாரம் மட்டும் போய்விடும். தொல்லை இருப்பது உன் கண்ணுக்குத் தெரியாமலும் போய்விடும். அதுதான் எனக்குப் பயம்.

நாய்க்கு வலித்தால் முனகும். பூனை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். பாம்புக்குக் குரல் இல்லை, முகம் மாறாது, மூடித் திறக்க இமைகூடக் கிடையாது. நன்றாக இருக்கும் பந்து மலைப்பாம்பே வாரக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும் என்பதால் பட்டினியை வைத்தும் எதையும் தீர்மானிக்க முடியாது. அது நம்மிடம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: எந்த இடத்தில் போய்ப் படுக்கிறது என்பது. தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர் அது. குளிர்ந்தால் சூடான பக்கம் போகும், காய்ந்தால் ஈரத்தைத் தேடும், பயந்தால் இடுக்கில் நுழையும். இடம் மாறுவதுதான் அதன் வாழ்க்கை. அப்படிப்பட்டது ஓரிடத்தை விட்டு நகராமல் கிடக்கிறது என்றால் கூண்டின் மற்ற இடங்கள் எல்லாம் அதற்குச் சரிப்படவில்லை என்று பொருள். நீ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அது விட்டுவிட்டு வந்த இடங்களைப் பார்.

உன் அண்ணன் 'பாம்பு என்றால் தண்ணீரில்தான் கிடக்கும்' என்றாராமே. அனகோண்டாவையும் சுருளியையும் அவர் ஒன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறார் (அன்றைக்குப் பல்லி விஷயத்திலும் இப்படித்தான், நினைவிருக்கிறதா?). அனகோண்டா ஆற்றிலும் சதுப்பிலும் வாழ்வது. தண்ணீரில் கிடந்தால்தான் அதற்கு நிம்மதி. பந்து மலைப்பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலெல்லாம் எலி வளையிலோ கறையான் புற்றிலோ சுருண்டு கிடந்து, இரவில் வெளியே வரும். எப்போதாவது ஒரு முறை தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரம் ஊறினால் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள் முழுக்க, நாள்தோறும் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

முதலில் சூட்டைப் பார். கூண்டின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறு முனை 25, 26 என்று இருக்க வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே அது படுத்துக்கொள்ளும். குளிர்ந்த முனையே 30ஐத் தாண்டினால் பாவம், அதற்குப் போக இடம் இல்லை, தண்ணீர் ஒன்றுதான் மிச்சம். உன் கூண்டில் வட்டமாக முள்ளோடு ஒரு வெப்பமானி ஒட்டியிருக்கிறதே, போன முறை வந்தபோதே அதைப் பிடுங்கி எறியத் தோன்றியது. அது அளப்பது கண்ணாடிச் சுவரின் சூட்டை. பாம்பு படுப்பது தரையில். முனையில் கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, சூடான மறைவிடத்துக்குள் ஒன்று, குளிர்ந்த மறைவிடத்துக்குள் ஒன்று என்று தரையோடு தரையாக வை. அடியில் இருக்கும் சூடேற்றும் பாய்க்கு, சூடு அளவு மீறாமல் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா? உன் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத பாய் 40 டிகிரிக்கு மேலேயும் ஏறும். சுடுகிறது என்று பாம்பு உடனே விலகிவிடும் என்றும் நம்பாதே, வயிறு வெந்துபோகும்வரை அங்கேயே கிடந்த பாம்புகள் உண்டு.

சூடு சரியாக இருந்தால் ஈரப்பதத்துக்கு வா. காற்றில் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் வேண்டும், சட்டை உரிக்கும் காலத்தில் 70 வரை போகலாம். உன் கூண்டின் மூடி முழுக்கக் கம்பிவலை. மேலே விளக்கு வேறு எரிகிறது. உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் அந்த வலை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். மூடியில் பாதிக்கு மேல் அடைத்துவிட்டு, தேங்காய் நார்த்தூளைக் கொஞ்சம் ஆழமாகப் பரப்பு. மேலே நீர் தெளிப்பதைவிட அடியில் ஓரமாக ஊற்றினால் மேல்பகுதி உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும்.

அதன் கண்ணைப் பார்த்தாயா? கண் பால் ஊற்றியது போல் நீலம் பாய்ந்திருந்தால் கவலையே வேண்டாம், சட்டை உரிக்கப்போகிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் ஊறுவதால்தான் அந்த மங்கல். சில நாளில் கண் மறுபடி தெளியும். அதற்கப்புறம் ஓரிரு நாளிலோ கொஞ்சம் தள்ளியோ தோல் கழன்றுவிடும். அந்தச் சமயத்தில் தண்ணீரில் ஊறினால் ஊறட்டும். ஈரப் பாசி நிரப்பிய ஒரு மூடிய டப்பாவில் வாசல் வெட்டி உள்ளே வைத்தால் பெரும்பாலும் கிண்ணத்தை விட்டு அதற்குள் போய்விடும். கண்ணின் மேல் இருக்கும் தோல் கழலாமல் நின்றுவிட்டால் நகத்தால் நோண்டாதே. அது மருத்துவர் வேலை.

மலச்சிக்கலுக்கும் ஊறும், சினையாக இருந்தாலும் ஊறும் என்பார்கள். சுருளி இன்னும் குட்டி, அதனால் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. முதலாவதற்கு, கடைசியாக எப்போது எச்சம் போட்டது என்று குறித்துவைத்திருக்கிறாயா பார்.

மறைவிடம் போதாமலும் இருக்கலாம். நீ வைத்திருக்கும் குகை பார்க்க அழகுதான், ஆனால் சுருளிக்கு அது மிகப் பெரிது. முதுகும் இரண்டு பக்கமும் சுவரில் உரச வேண்டும், அப்போதுதான் அதற்குப் பயம் தெளியும். அந்தக் கூண்டிலேயே அப்படி இறுக்கமாக இருப்பது கிண்ணம் ஒன்றுதானோ என்று எனக்குச் சந்தேகம். இதைச் சோதிப்பது சுலபம். கிண்ணத்தின் அளவுக்கே ஒரு சிறு பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, தண்ணீர் இல்லாமல் பக்கத்தில் வை. மறுநாள் அதற்குள் போய்ச் சுருண்டுவிட்டால் அது தேடியது தண்ணீரை அல்ல. அதே போல இன்னொன்றைச் சூடான முனையிலும் வை. ஒரே மறைவிடம் இருந்தால் சூடா, பாதுகாப்பா என்று அது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், பாதுகாப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் எழுதுவதைப் படிக்கும்போது கொஞ்சம் உட்கார்ந்துகொள். எங்கள் பாம்பு பட்டுவுக்கு வந்ததை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. சூடு சரி, ஈரம் சரி, கண் தெளிவு, மறைவிடம் இரண்டு. ஆனாலும் கிண்ணத்திலேயே கிடந்தாள். விற்றவரைக் கேட்டால் 'விளையாடுகிறது, விடுங்கள்' என்றார். பாம்பு விளையாடுமா, மீனா? எனக்கு அந்தப் பதில் இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு நாள் காலை தண்ணீர் மாற்றும்போது கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்பாகக் கிடந்தது. மண் என்று நினைத்து விரலால் எடுத்தேன். ஒன்றிரண்டு நகர்ந்தன. வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்துப் பட்டுவைத் தலையிலிருந்து வால்வரை துடைத்தேன். தாளில் அங்கங்கே செம்பழுப்புக் கறை. நசுங்கிய உண்ணிகளின் வயிற்றில் இருந்த அவளுடைய ரத்தம் அது.

அவை பாம்புகளுக்கென்றே இருக்கும் சிற்றுண்ணிகள், வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கண்ணைச் சுற்றிய விளிம்பிலும், தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பிலும், உதட்டோரம் சூட்டை உணரும் குழிகளிலும் புகுந்து ரத்தம் குடிக்கும். செதில்மேல் சாம்பல் தூசு போல வெள்ளையாகத் தெரிவது அவற்றின் எச்சம். அரிப்பு தாங்காமல்தான் பாம்பு தண்ணீரில் முங்குகிறது. உடம்பில் இருப்பவை கொஞ்சம் மூழ்கிச் சாகின்றன, ஆனால் மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்டித்தானே ஆக வேண்டும்? மீதி எல்லாம் தலைக்கு ஏறிவிடுகின்றன. அந்தக் கண்ணோரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உண்ணி பாம்பின் மேல் முட்டையிடாது. மரப்பட்டையின் வெடிப்பில், கூண்டின் மூலையில், மூடியின் இடுக்கில் போய் இடும். அதனால்தான் பாம்பை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் நிலைக்கு வரச் சுமார் இரண்டு வாரம் போதும். நார்த்தூள் அனைத்தையும் கட்டிக் குப்பையில் போட்டு, மரத்துண்டுகளை எறிந்து, கூண்டை வெந்நீரில் கழுவி, தரையில் வெறும் வெள்ளைத் தாளை விரித்தோம். தாளில் புதிதாக ஒன்று தெரிந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மருந்து கால்நடை மருத்துவர் தந்தது, அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன இடைவெளியில். ஒரு தடவையில் தீராது. முட்டைக்குள் இருப்பவை தப்பிவிடும், அவை பொரிந்து வந்தபின் மறுபடி போட வேண்டும்.

நீ அலமாரியில் வைத்திருக்கும் நாய் உண்ணி மருந்தை எடுத்துத் தெளிக்க நினைத்தால் என் மேல் ஆணை, செய்யாதே. அளவு கூடினால் பாம்புக்கு நரம்பு பாதித்து உடம்பு முறுக்கிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உண்ணிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். உன் வீட்டில் ஆமையும் இருக்கிறது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல். பாம்பைத் தொட்ட கையோடு ஆமையிடம் போகாதே.

உடம்புக்கு ஆகாது என்று நீ பயப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. நாள்கணக்கில் ஊறினால், அதிலும் தண்ணீர் அழுக்காக இருந்தால், வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கட்டும், பிறகு புண்ணாகும். ஆகையால் தண்ணீரைத் தினமும் மாற்று. அது அதிலேயே எச்சம் போடும், கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவாமல் நீரை மட்டும் மாற்றாதே. கையில் எடுத்து வயிற்றைத் திருப்பிப் பார். செதில் சிவந்திருக்கிறதா, பழுப்பேறியிருக்கிறதா? வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறதா, மூக்கில் நுரை தெரிகிறதா, மூச்சில் சீழ்க்கை கேட்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நான் மேலே எழுதிய சோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போ. உன்னுடைய 'பொறுத்துப் பார்ப்போம்' வைத்தியத்தை நமக்கு மட்டும் வைத்துக்கொள்வோம், சுருளிக்கு வேண்டாம்.

இவ்வளவு கவலை எதற்கு என்று நீ கேட்பாய். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் ஒரு பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 60 வயதுக்கு மேல்! வீடுகளிலேயே 20, 30 வருடம் சாதாரணமாக வாழ்கின்றன. சுருளியை நீ வாங்கியபோது உன் மகள் ஆசைப்பட்டாள் என்றாய். அவள் வேலைக்குப் போய், வேறு வீட்டுக்குப் போன பிறகும் அது உன் கூடத்தில் இருக்கும். உன்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்காத உயிர் அது. அது கேட்கிற ஒன்றை, கிண்ணத்தில் படுத்துக்கொண்டு கேட்கிறதை, நீ கவனிக்க வேண்டும் என்று எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது.

நாளைக் காலையே வெள்ளைத் தாளில் துடைத்துப் பார், தாடை மடிப்பை விட்டுவிடாதே. அந்தத் தாளையும், வெளிச்சத்தில் அருகில் வைத்துச் சுருளியின் முகத்தையும் படம் எடுத்து அனுப்பு. கூண்டின் இரண்டு முனையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் காலை, இரவு இரண்டு வேளையும் எழுதி அனுப்பு. தாளில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் பதில் கடிதமெல்லாம் வேண்டாம், எந்த நேரமானாலும் தொலைபேசியில் கூப்பிடு. பட்டுவுக்கு மருந்து கொடுத்த மருத்துவரின் எண் என்னிடம் இருக்கிறது, உன் ஊருக்கு அருகில் பாம்பு பார்ப்பவர் யார் என்று அவரிடமே கேட்டுச் சொல்கிறேன்.

திரைச்சீலைக்கு நீலமே நன்றாக இருக்கும்.

அன்புடன்,
கலா