பினாங்கு, பிறை வட்டாரத் தூண்டில்காரர்கள்: செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், உறுப்பினர்களுக்கும், இந்த முறை முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட வீட்டம்மாக்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு ஏற்கெனவே வாட்சாப் வழி அனுப்பப்பட்டது. திருத்தம் ஏதும் வரவில்லை. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய விவரங்கள் தவணைக்குள் போய்ச் சேர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் "சாப்பாடு" என்ற வரி ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பவர்கள் அவரையே கேட்கலாம்.

ஜனவரியில் உறுப்பினர்கள் பாதிப் பேர் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நின்றார்கள், மீதிப் பேர் காவடியோடு நடந்தார்கள். ஆகவே ஆண்டின் முதல் கடல் பயணம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அதனால் நட்டமில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கிழக்குக் கரை மழையிலும் அலையிலும் கிடக்கும்போது நம் பக்கம் கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் விடியற்காலையில் சுமத்ரா காற்று எந்த நிமிடம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. மேற்கே வானம் கறுத்து, காற்று சட்டென்று குளிர்ந்தால் கரைக்குத் திரும்புவதுதான் முறை. "இன்னும் ஒரு வீச்சு அண்ணே" என்று கேட்பவரைத் தெக்கோங், அதாவது படகோட்டி, காதில் வாங்கக் கூடாது. கையில் இருப்பது கார்பன் தண்டு என்பதையும், மின்னலுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்பதையும் இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வாண்டு நம் சங்கத்தில் நடந்த பெரிய மாற்றம் உயிர் இரையிலிருந்து செயற்கை இரைக்கு மாறியது. மூத்தவர்களுக்கு இன்னமும் உயிர் இறால்தான் வேதம். சியாக்காப், அதாவது நம் கொடுவா, உயிர் இறாலை விட்டுவிட்டு ரப்பர் மீனைக் கடிக்குமா என்று இதே மண்டபத்தில் சிரித்தவர்கள் உண்டு. கடிக்கிறது. மார்ச் மாதம் பத்து காவான் பக்கம் கண்டல் காட்டு ஓரமாகப் போன படகில் அதைக் கண்ணால் பார்த்தோம்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வராதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கண்டல் வேர்களுக்குள் ஒளிந்திருந்த சிறு மீனும் இறாலும் வாய்க்கால் வழியாக வெளியே தள்ளப்படும் நேரம் அது. அந்த வாய்க்கால் வாயில்தான் கொடுவா காத்திருக்கும். நாலு அங்குல வெள்ளை ரப்பர் மீன், வால் துடுப்பு மாதிரி அடிப்பது, பதினைந்து கிராம் ஈயத் தலையில் கோத்தது. வீசி, தரையைத் தொடும்வரை விட்டு, தண்டை மெல்லத் தூக்கி, மறுபடி விழ விட வேண்டும். இழுக்கும்போது கடிப்பது குறைவு. விழும்போதுதான் கடிக்கும். தூண்டில் நரம்பு தளர்வாக இருப்பதால் கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது, "டொக்" என்று ஒரு சின்னத் தட்டு. அடுத்த நொடி மீன் மேலே பாய்ந்து, வாயை அகலத் திறந்து, தலையை இரண்டு பக்கமும் உதறும். அந்த உதறலில்தான் பாதி மீன் போய்விடுகிறது. தண்டைத் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் வைத்திருந்த இளைஞர் கரைசேர்த்தார். மீன் படகுக்கு வந்ததும் செவுளைப் பிடிக்கப் போனவரைத் தலைவர் கையைத் தட்டித் தடுத்தார். கொடுவாவின் செவுள் மூடி சவர பிளேடுக்குச் சமம். வாய்ப்பிடி இல்லாமல் தொடக் கூடாது.

நம் நீரிணையில் தண்ணீர் எப்போதும் கலங்கல். ஆற்றுச் சேறும் கண்டல் சேறும் கலந்தது. அதனால் பளிச்சென்ற வெள்ளை, பச்சை மஞ்சள், தண்ணீரில் அதிர்கிற வைப் வகை இரை இவைதான் எடுபடுகின்றன. கடை அலமாரியில் அழகாக மினுங்கும் நீல மின்னோ இரையை வாங்கிவந்து, ஒரு மீனும் கிடைக்காமல் "கும்பாவ்" ஆனவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது, வாசிக்கப் போவதில்லை. முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பான லீடர் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். கொடுவாவின் தாடை அரம். இருபது பவுண்டு லீடரை இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடும். நாற்பது போடுங்கள்.

பினாங்குப் பாலத் தூண்கள் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வருகிறது. 1985இல் திறந்த முதல் பாலமானாலும், 2014இல் திறந்த இரண்டாவது பாலமானாலும் தூண்களைச் சுற்றி சிப்பி ஒட்டும், சிப்பியைச் சுற்றி சிறு மீன் சேரும், அதைத் தேடி ஜெனாஹாக், களவா போன்ற பெரிய மீன்களும் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய தண்ணீரில் அங்கே நீரோட்டம் பயங்கரம். நடுவில் வரும் செத்த தண்ணீர் நாட்களே நமக்குத் தோது. தூணில் படகைக் கட்டுவது சங்க விதிப்படி தடை. யார் கட்டினாலும் அடுத்த பயணத்தில் இடம் இல்லை.

தென்மேற்கே புலாவ் கெண்டி தீவுப் பயணத்துக்கு ஒரு முறை போனோம். அங்கே தண்ணீர் கொஞ்சம் தெளிவு, ஆழமும் உண்டு. இரை உலோக ஜிக், வேகமாகச் சுருட்டும் ஸ்பூன். தோல்பாறை, அதாவது தாலாங், ஸ்பூனைத் துரத்தி வந்ததைத் தண்ணீர் மேல் கோடு போட்டது போலப் பார்த்தோம். சீலா இரண்டு பேருடைய ஜிக்கை நரம்போடு கத்தரித்துக்கொண்டு போனது. பல்லுள்ள மீன் இருக்கிற இடத்தில் கம்பி லீடர் வேண்டும் என்பதற்கு அவர்கள் கட்டிய கட்டணம் அது. படகுத்துறை ஓரத்தில் குழந்தைகளுக்கு அப்பொல்லோ என்ற, ஒரே நரம்பில் பல முள் கட்டிய வரிசையில் கெம்போங் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஞாயிறு பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. ஒரே இழுப்பில் மூன்று நான்கு மீன் தொங்கினால் குழந்தைகள் என்ன சத்தம் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி நன்னீர். சங்கத்தில் உண்மையான சண்டை நடந்தது இங்கேதான்.

பெனாகா பக்கத்து வயல் பாரிட்களில், அதாவது வாய்க்கால்களில், விரால் பிடிப்பது நம்மில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். அப்போது மண்புழுவும் குட்டித் தவளையும், இப்போது ரப்பர் தவளை. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் குமிழியைப் பார்த்து, அதற்கு இரண்டடி அப்பால் தவளையை வீசி, செடி மேல் ஏற்றித் தண்ணீரில் இறக்க வேண்டும். முள் இரண்டும் மேல் நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் ஆம்பலிலும் கங்கோங்கிலும் சிக்காது. அடி விழுந்ததும் தண்டை இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். மனதுக்குள் "முருகா" என்று ஒரு முறை சொல்லிவிட்டு இழுக்க வேண்டும் என்பது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கற்றுக்கொடுத்த கணக்கு. அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் சூப் வைக்கும் வழக்கம் இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆகவே விராலை வீட்டுக்குக் கொண்டுபோவதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

விரால் இனத்துப் பெரிய மீனான தோமான் வேறு கதை. ஜூன் மாதம் பேராக் புக்கிட் மேரா ஏரிக்குப் போன குழு ஒரு பெரிய தோமானோடு படம் அனுப்பியது. 1906இல் கிரியான் வயல்களுக்காகக் கட்டிய பழைய அணையின் நீர்த்தேக்கம் அந்த ஏரி. படம் வந்த ஐந்து நிமிடத்தில் வாழ்த்து குவிந்தது. ஆறாவது நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "குஞ்சு மேல் போட்டீர்களா?" அதற்குப் பிறகு இரண்டு நாள் வாட்சாப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

புதிய உறுப்பினர்களுக்காக: தோமான் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, தாயும் தகப்பனும் கூடவே நின்று காவல் காக்கும். சிவந்த நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக மூச்சு வாங்க மேலே வரும்போது தண்ணீர் மழைத்தூறல் விழுந்தது மாதிரி பொரியும். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஜம்ப் ஃப்ராக்கை இழுத்தால், பின்னால் தகடு சுழலும் அந்த மரத் தவளையைத் தோமான் பசிக்காகக் கடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்க அடிக்கிறது. பெற்றவை இரண்டும் படகில் ஏறிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். மீனைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பதுதான் இதில் உள்ள அசிங்கம். செயலாளர் என்ற முறையில் நடுநிலை வகிக்க வேண்டியவன் நான். ஆனால் இந்த விஷயத்தில் நடுநிலை வகிக்க எனக்கு விருப்பமில்லை என்பதைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுதரப்பு சொன்னதையும் பதிவு செய்கிறேன். "நாம் விட்டால் அடுத்த படகு பிடித்துக்கொள்ளும்" என்றார்கள். "தோமான் மற்ற மீனையெல்லாம் தின்கிற மீன்தானே" என்றார்கள். முதலாவதற்குப் பதில் இல்லை, உண்மைதான். இரண்டாவது பேச்சு பீகாக் பாஸ் மீனுக்குப் பொருந்தும். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் குளங்களில் பெருகியது, பிடித்தால் திரும்ப விடாதீர்கள், பொரித்துச் சாப்பிடுங்கள். தோமான் இந்த மண்ணின் மீன். செபாராவ் மீனும் கெண்டையும் அதோடுதான் காலங்காலமாக வாழ்ந்து வந்திருக்கின்றன.

இதே பேச்சு கடலுக்கும் பொருந்தும். கொடுவா பிறக்கும்போது ஆண். சில ஆண்டுகள் ஆணாக இருந்துவிட்டு, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. ஆக நம் ஆண்டுப் போட்டியில் "அதிக எடை" கோப்பை வாங்கும் கொடுவா அநேகமாக முட்டையிடும் பெண். போட்டியை நாமே நடத்துகிறோம், பரிசும் நாமே கொடுக்கிறோம். தராசில் தொங்கவிட்டு எடை பார்த்த மீனைத் திரும்ப விட்டதாக என் நினைவில் இல்லை.

ஆகஸ்டில் தெமெங்கோர் ஏரிக்குப் படகு வீட்டுப் பயணம் போனது. தீபகற்பத்தில் கெனியிர் ஏரிக்கு அடுத்த பெரிய செயற்கை ஏரி. செபாராவ் நிறைய. உடம்பின் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால், உடம்பளவுக்கு மிஞ்சிய பலம். ஓடை வந்து விழும் இடத்தில் சிறிய ஸ்பூன், ஸ்பின்னர் போதும். பயணத்தின் மற்ற விஷயங்களை, குறிப்பாகக் குளிரூட்டிப் பெட்டியில் என்ன இருந்தது என்பதை, வீட்டம்மாக்கள் முன்வரிசையில் இருப்பதால் தவிர்க்கிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டு சொன்ன படகைத் தராமல் சிறிய படகைத் தந்த ஏற்பாட்டாளரிடம் மீதித் தொகை இன்னும் பாக்கி. பொருளாளர் விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறார்.

காயம் ஒன்று. புக்கிட் தம்புன் ஓரத்தில் இரவில் செம்பிலாங் முள் குத்தி ஓர் உறுப்பினர் துடித்துவிட்டார். இருங்கெளுத்தி என்று நாம் சொல்லும் அதன் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு. கை பொறுக்கும் அளவு சுடுநீரில் வைத்தால் வலி குறையும். படகில் இருந்த தேநீர்ப் பிளாஸ்க் அன்று அதற்குத்தான் உதவியது. அதன் பிறகும் கிளினிக் போக வேண்டும், அவர் போனார், நலம்.

பாரிட்டில் மின்சாரம் வைத்து மீன் பிடிப்பவர்களைப் பற்றிப் புகார்கள் வந்தன. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் மின்சாரம், வெடி, விஷம் மூன்றையும் தடுக்கிறது. நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். இடம், நேரம், வண்டி எண் குறித்து மீன்வள இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

செப்டம்பரில் பிறை ஆற்றோரக் கோத்தோங் ரோயோங்கில், அதாவது கூட்டுத் துப்புரவில், அள்ளிய குப்பையில் பாதி அறுந்த நரம்பு. அதில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களுடையது. பழைய நரம்பைப் போட ஒரு டப்பா தூண்டில் கடையிலேயே வைக்கக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார்.

இக்கூட்டத்தின் முன் வைக்கும் தீர்மானங்கள் மூன்று.

முதலாவது, ஆண்டுப் போட்டியில் கொடுவாவுக்கும் தோமானுக்கும் எடைக்குப் பதிலாக நீளம் அளந்து, அளவுகோலோடு படம் எடுத்து, உடனே தண்ணீரில் விட வேண்டும்.

இரண்டாவது, சங்கப் பயணங்களில் தோமான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசத் தடை.

மூன்றாவது, அவ்விரண்டு மீன்களுக்கும் போட்டியில் முள்ளின் எதிர்க் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். இது தலைவர் கொண்டுவந்தது. மீன் தப்பிவிடும் என்று எதிர்ப்பு வரும், தெரிந்ததுதான். கையில் குத்திய முள்ளைக் கிளினிக்கில் வெட்டி எடுத்தவர்கள் ஆதரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு முடிந்ததும் புதிய செயலவைத் தேர்தல், அதன் பிறகு சாப்பாடு. மீன் தலைக்கறி உண்டு. மீன் சந்தையில் வாங்கியது.

இங்ஙனம்,
செயலாளர்