குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை: ஆறுநாட்டார் மலைக்குப் போய்வந்தோம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் விவகாரமெல்லாம் உங்களுக்கே தெரியும். மனு கொடுத்தோம், சில வேலை நடந்தது, சில இழுத்துக்கொண்டே இருக்கிறது. பொங்கல் விழா வழக்கம்போல. இந்த ஆண்டு சொல்லும்படியாக நடந்தது புகழூர் ஆறுநாட்டார் மலைப் பயணம்தான்.

அந்த மலை இருக்கும் வேலாயுதம்பாளையம் நம் கரூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நம்மில் பலர் முருகனைக் கும்பிட அந்த மலை ஏறியிருக்கிறோம். மேலே நின்றால் காவிரி, கரையோரம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், இன்னொரு பக்கம் காகித ஆலையின் புகைபோக்கி. காற்று ஆளையே தள்ளும். பெரும்பாலானவர்கள் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இந்த முறை நாங்கள் படியை விட்டு ஒதுங்கி, பாறைக்கு அடியில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்களுக்குப் போனோம்.

பாறையிலேயே படுக்கை வெட்டி, தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே தமிழி எழுத்து, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம், ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழசு. வெளிச்சம் நேராக அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் கீறல்கள் எழுந்து வந்தன. கூட்டல் குறிபோல இருப்பதுதான் ‘க’ என்று சொன்னதும் பிள்ளைகள் பாறையை விட்டு நகரவில்லை.

யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணர் தங்குவதற்கு, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டிக்கொடுத்த கல் இது என்கிறது ஒரு கல்வெட்டு. தாத்தா, அப்பன், பேரன் என மூன்று தலைமுறைச் சேரர் ஒரே கல்வெட்டில். சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் 7, 8, 9-ஆம் பத்துகளின் அரசர்களோடு ஆய்வாளர்கள் இவர்களைப் பொருத்துகிறார்கள். சேரர் தலைநகர் வஞ்சி கரூரா, கேரளமா என்ற பழைய வழக்கில் நம் பக்கத்துக்கு இந்தப் பாறை பெரிய சாட்சி.

இன்னொரு கல்வெட்டில் ‘கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி’ வருகிறான். கொடுத்தவன் நம்மூர்க்காரன்! ஜவுளிக்கடை உறுப்பினர் ஒருவர், “அப்பவே நம்மூரு யாவாரி நன்கொடை குடுத்திருக்கறாருங்க, சந்தா பாக்கி வெச்சிருக்கறவங்க கொஞ்சம் யோசிக்கோணும்” என்றார். நான் யாரையும் சொல்லவில்லை.

ஒரே வருத்தம், பக்கத்துப் பாறையில் யாரோ பெயிண்டால் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம், குகைக்கு வழிகாட்டும் பலகை வைக்கக் கேட்டு மனு தயார் செய்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மறுபடி போகும்போது விடியலிலேயே கிளம்பலாம், வெயில் ஏறினால் பாறை கொதிக்கிறது.

சரி, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.