இருநூறு குழந்தைகளும் ஒரு சிவப்பு மாவட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறக்கும் குழந்தைகளின் ஆண்–பெண் விகிதத்தை மாவட்டவாரியாகத் தரவரிசைப்படுத்தி, கடைசியில் நின்ற மாவட்டங்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட வரைபடத்தைக் கண்டேன். அன்று மாலையே, பிரசவ வார்டில் செவிலியராகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எங்க மாவட்டம் அவ்வளவு மோசமா சார்? எங்க வார்டுல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

வரைபடத்துக்கு ஆதாரமான தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட 25,650 பெண்களிடம் தகவல் திரட்டப்பட்டது. அந்தச் சுற்றில் மாநிலத்துக்கு 32 மாவட்டங்கள். ஆக, மாவட்டத்துக்குச் சராசரியாக 800 பெண்கள். நம் மாநிலத்தின் பிறப்பு வீதத்தை வைத்து நான் போட்ட கணக்கின்படி, ஐந்தாண்டுகளில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 200 பேர் இருக்கலாம். சிவப்பும் பச்சையும் இந்த இருநூறை நம்பித்தான் பூசப்பட்டிருக்கின்றன.

அந்த 200 பேரில் ஆண் 110, பெண் 90 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 818 பெண் குழந்தைகள் என்று வரும். தலைப்புச் செய்திக்கு உரிய எண்தான். ஆனால் எட்டே எட்டுப் பிறப்புகள் இடம் மாறி, ஆண் 102, பெண் 98 என்று அமைந்திருந்தால், அதே மாவட்டம் 961ஐத் தொட்டுப் பச்சைக்குப் போயிருக்கும். எந்தத் தெருவில் கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டினார் என்பதே இந்த எட்டைத் தீர்மானித்துவிடக்கூடும்.

இதைச் சோதிக்கும் முறை கல்லூரி முதலாண்டுப் பாடம். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறப்பதால், மொத்தப் பிறப்பில் பெண்களின் பங்கு 48.8 விழுக்காடு. 'இந்த மாவட்டம் அந்த இயல்பிலிருந்து விலகவில்லை' என்பதை இன்மை எடுகோளாக, அதாவது தரவு மறுக்கும் வரை ஏற்றுக்கொள்ளும் தொடக்க அனுமானமாகக் கொண்டு, கிடைத்த தரவு அதை மறுக்கும் அளவுக்கு வலுவானதா என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பெண்களின் பங்கு 45 விழுக்காடு; இடைவெளி 3.8 புள்ளிகள். 200 பேர் கொண்ட கூறுக்கு (மாதிரிக்கு), தற்செயலால் மட்டுமே வழக்கமாக நேரும் விலகலின் அளவான திட்டப் பிழையே 3.5 புள்ளிகள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 1.1தான் வருகிறது, வழக்கமான 5 விழுக்காட்டு அளவில் (இயல்பான மாவட்டத்தைத் தவறாக மறுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) எடுகோளை மறுக்க 1.96ஐத் தாண்டியிருக்க வேண்டும். எல்லா மாவட்டங்களும் இயல்பாகவே இருந்தாலும், 32 மாவட்டங்களைத் தனித்தனியே சோதித்தால் ஒன்றோ இரண்டோ தற்செயலாகவே அந்தக் கோட்டைத் தாண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அப்படியானால் அந்த மாவட்டம் குற்றமற்றது என்று நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. எடுகோளை மறுக்க முடியவில்லை என்பது வேறு, அது உண்மை என்பது வேறு. உண்மையிலேயே 818 என்ற நிலையில் உள்ள மாவட்டத்தைக்கூட, 200 பிறப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால், ஐந்து முறையில் நான்கு முறை கோட்டை விட்டுவிடுவோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த மாநிலத்தில் அந்த அலட்சியத்துக்கு இடமில்லை.

மாநில அளவில் கதை வேறு. ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டின் எண் 878. அதாவது பெண்களின் பங்கு 46.8 விழுக்காடு. 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 6,400 பிறப்புகள் என்று கொண்டால் திட்டப் பிழை முக்கால் புள்ளிக்கும் கீழே இறங்கி, இடைவெளியைப் பிழையால் வகுத்து வரும் எண் மூன்றைத் தாண்டுகிறது. ஊர் ஊராகக் கொத்தாக எடுக்கப்பட்ட கூறு என்பதற்காகப் பிழையைச் சற்றுக் கூட்டிக்கொண்டாலும் 1.96க்கு மேலேயே நிற்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது, கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் நான்காம் சுற்றின் 954இலிருந்து 878க்குச் 'சரிந்தது' என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. முந்தைய எண்ணும் ஒரு கூறிலிருந்து வந்ததே. இரண்டின் பிழைகளும் சேரும்போது அந்த ஒப்பீட்டின் வலு குறைந்து, எல்லைக்கோட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது.

லண்டனில் 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து, ஓர் ஆண்டு விடாமல் ஆண் குழந்தைகளே மிகுந்திருப்பதைக் காட்டி, இது தற்செயலாக இருக்க முடியாது என்று வாதிட்டவர் மருத்துவர் ஜான் ஆர்புத்நாட். எடுகோள் சோதனைகளில் முதலாவதாகப் பலரும் குறிப்பிடுவது இதைத்தான். அதைக் கடவுளின் ஏற்பாடு என்று அவர் முடித்தது தனிக் கதை. ஆனால் அவரும் ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பேசவில்லை.

மாவட்ட ஒப்பீடுதான் வேண்டுமென்றால், ஆண்டுக்குப் பல லட்சம் பிறப்புகள் பதிவாகும் பிறப்புப் பதிவேடுகள் நம்மிடம் உள்ளன. பிரசவம் நடந்த இடத்திலேயே பிறப்பு பதிவாவதால், பெரிய மருத்துவமனைகள் உள்ள மாவட்டங்களின் கணக்கில் பக்கத்து மாவட்டக் குழந்தைகளும் சேர்ந்துவிடும். தாயின் இருப்பிடத்தைக் கொண்டு பிரித்து, மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் வரைபடம் வரையலாம். ஆய்வுத் தரவையே மீண்டும் வெளியிடுவதாயின், ஒவ்வொரு மாவட்டத்தின் எண்ணுக்கும் அருகில் அது எத்தனை பிறப்புகளிலிருந்து பெறப்பட்டது என்பதையும், உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதையும் அச்சிட வேண்டுகிறேன். நான் எடுத்துக்காட்டிய மாவட்டத்துக்கு அந்த எல்லை ஏறத்தாழ 620 முதல் 1,080 வரை நீளும். அதற்கு எந்த வண்ணம் பூசுவது என்பதைத் தங்கள் வரைகலைப் பிரிவு முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.