படம் அனுப்பமாட்டேன், கண்ணு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. மெக்சிகோவில் உள்ள வஹாக்கா வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடும் ஒத்துக்கொள்கிறது. அக்கா பணம் கட்டிச் சேர்த்துவிட்ட இந்தச் சுற்றுலாவில் மொத்தமே ஒரு வேனில் அடங்கும் ஆட்கள்தான். அதனால் கடை கடையாக இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு போவதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் அரைநாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். முதுகுவலிக்காரியான எனக்கு அதுவே பெரிய உபகாரம்.

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. கம்பள டிசைன்களை நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர் நின்று, எத்தனை முடியுமோ அத்தனை படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அடுத்த ஏற்றுமதிக்குத் தரைவிரிப்பாகவும் தலையணை உறையாகவும் கரூரில் ஓட்டிவிடலாம் என்று உன் எண்ணம். படம் அனுப்பமாட்டேன், கண்ணு. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் கோபம் வரும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

நேற்று தெயோதித்லான் தெல் வாயே என்ற ஊருக்குப் போனோம். சபோதெக் என்ற பழங்குடி மக்களின் ஊர். வீட்டுக்கு வீடு தறி. தெருவில் நடந்தால் பவானியில் நான் பிறந்த தெருவில் கேட்ட அதே சத்தம். ஆனால் இங்கே குழித்தறி கிடையாது. என் அப்பா, உன் அப்புச்சி, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்தார். இவர்கள் நின்றுகொண்டே மிதிக்கிறார்கள். முன்பு இடுப்பில் கட்டிய தறியில் பருத்தி நெய்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் செம்மறி ஆட்டையும் மிதிதறியையும் கொண்டுவந்த பிறகு கம்பளிக்கு மாறியிருக்கிறார்கள்.

நாங்கள் போன வீட்டில் புருஷன், பெண்டாட்டி, மகள் மூவருமே நெய்கிறவர்கள். அந்த அம்மாள் ஒரு சப்பாத்திக்கள்ளி மடலை எடுத்து வந்து காட்டினாள். மடல் முழுக்க வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. அதில் ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். இரத்தம் மாதிரி சிவப்பு. பஞ்சுக்குள் இருந்தது பூச்சி! கொச்சினியல் என்று சொல்கிறோமே, அந்தச் சாயப்பூச்சி. காயவைத்த பூச்சியை அம்மியில் அரைத்து, அந்தத் தூளையும் என் கையில் கொஞ்சம் போட்டு, எலுமிச்சை பிழிந்தாள். கருஞ்சிவப்பு பளீரென்று ஆரஞ்சுக்குப் போனது. சோடாவைத் தூவினாள், கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. ஒரே பூச்சி, அத்தனை நிறம். புளிப்புக்கு ஒன்று, சோடாக் காரத்துக்கு ஒன்று. உன் சாயப்பட்டறை மாஸ்டர் இதைப் பார்த்தால் நகரமாட்டார். நீலம் அவுரியிலிருந்து, மஞ்சள் பெரிகோன் என்ற பூவிலிருந்து. அது நம் செண்டுமல்லிக்குச் சொந்தக்காரச் செடி. நூலை முதலில் படிகாரத்தில் ஊறவைத்தால்தான் சாயம் பிடிக்கும். அதை அவள் சொல்வதற்கு முன்பே நான் சொன்னதும், என்னை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள்.

இந்தப் பூச்சியின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிய ஆட்சியில் மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய சரக்கில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அது விதையா பூச்சியா என்பதுகூட வெளியே தெரியாமல் ஸ்பெயின் காத்துவைத்திருந்தது. 1777இல் ஒரு பிரெஞ்சுக்காரர் ரகசியமாக வஹாக்காவுக்கு வந்து, பூச்சியோடு கள்ளி மடல்களைப் பெட்டியில் ஒளித்துக் கடத்திக்கொண்டு போனார். அடுத்து வெள்ளைக்காரனுக்கும் ஆசை. அதே நூற்றாண்டு முடிவதற்குள் மதராஸில் கம்பெனி மருத்துவர் ஆண்டர்சன், நம் சைதாப்பேட்டையிலேயே கள்ளித் தோட்டம் போட்டார். வஹாக்கா சாயத்தின் தரம் மதராஸில் கைகூடவில்லை. அப்போது கள்ளி மடல், இப்போது போன் படம். இந்த ஊரிலிருந்து கேட்காமல் எடுத்துப் போவது இருநூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது, கண்ணு. அந்த வரிசையில் என் மகன் பெயர் வர வேண்டாம்.

டிசைன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மனிதர் நெய்யும்போது முன்னால் வரைபடம் எதுவும் இல்லை. ஒரு படிக்கட்டு, அதன் முனையில் சுருள். அடுத்த படிக்கட்டு, அடுத்த சுருள். எந்த இழையில் நிறம் மாற வேண்டும் என்பது விரலுக்குத் தெரிகிறது. சின்னச் சின்ன நூல்கண்டுகளில் சுற்றிய ஊடையை, அதாவது குறுக்கு இழையை, கையால் கோத்து அடிக்கிறார். நான் உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரத்தில் நாலு விரல் அகலம்தான் ஏறியிருக்கும்.

இந்தப் படிக்கட்டும் சுருளும் பக்கத்தில் உள்ள மித்லா இடிபாடுகளிலிருந்து வந்தவை. அங்கேயும் கூட்டிப் போனார்கள். சுவர் முழுக்க, தனித்தனியாகச் செதுக்கிய கல் துண்டுகளைச் சாந்தில்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். கல்லில் இருப்பது எல்லாருக்கும் பொதுதானே என்று நீ கேட்பாய். சுவர் பொதுதான். அந்தச் சுவரைப் பார்த்து நீயே ஒன்று வரைந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் படிக்கு எத்தனை இழை, சிவப்புக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பல், ஓரத்தை எப்படி முடிப்பது என்பதெல்லாம் அந்த வீட்டு ஆட்கள் தலைமுறையாகச் சேர்த்தது. நீ படத்தில் கேட்பது இதைத்தான், சுவரை அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இவர்களும் ஒரு காலத்தில் அமெரிக்க வியாபாரிகள் கேட்டார்கள் என்று நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் டிசைன்களை நெய்து கொடுத்தவர்கள்தான். பிக்காசோ ஓவியத்தைக்கூடக் கம்பளமாக்கி விற்றிருக்கிறார்கள். அதை அந்த மனிதரே சொன்னார். ஆர்டர் கொடுத்தவன் கேட்டதை நெய்யாவிட்டால் அடுப்பு எரியாத நாட்கள் அவை. அதைக் காட்டி நாமும் செய்யலாம் என்று வாதாட வராதே. உன் அடுப்பு நன்றாகவே எரிகிறது.

அப்புச்சியின் தறி ஏன் நின்றது என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவர் கை தளர்ந்து நிற்கவில்லை. விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு, பவானி ஜமக்காளம் என்ற பெயரோடு பாதி விலைக்கு நம் ஊர்க் கடைக்கே வந்து இறங்கியது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் காகிதத்தில் இருந்தன. கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்க வருகிறவர்கள் பட்டை பட்டையான அந்த நிறத்தைப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், போலியை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புச்சி கடைக்காரரிடம் சண்டை போட்டதில்லை. வீட்டுக்கு வந்து தறியைத் துடைத்து வைத்தார், மறுநாளிலிருந்து மில் வேலைக்குப் போனார். அந்தப் போலியை ஓட்டியவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

சட்டப்படியும் யோசி. 2015இல் இதே வஹாக்கா மாநிலத்து மலைக்கிராமமான த்லாவிடோல்டெபெக்கின் ரவிக்கைப் பூவேலையை ஒரு பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் தன்னுடையது போல விற்று, ஊரே திரண்டு எழுந்தது. 2022 ஜனவரியில் மெக்சிகோவில் பழங்குடிகளின் கலைச்செல்வத்தைக் காக்கத் தனிச்சட்டமே போட்டுவிட்டார்கள். சம்மதம் இல்லாமல் எடுத்து விற்றால் தண்டனை உண்டு. கரூருக்கு அந்தச் சட்டம் எட்டாது என்று உன் வக்கீல் சொல்லலாம். உன் சரக்கு போய்ச் சேரும் கடைகளுக்கு மானம் போனால் அடுத்த ஆர்டர் வராது.

மற்ற இடங்களைப் பற்றி அக்கா படங்களோடு சொல்வாள். சான் பார்த்தோலோ கொயோதெபெக்கில் கறுப்பு மண்பாண்டம். சக்கரம் இல்லாமல், கவிழ்த்த தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்துச் சுழற்றியே பானை வனைகிறார்கள். காய்ந்த பானையைக் கல்லால் தேய்த்துச் சுட்டால் கண்ணாடி போல் மின்னுகிறது. ஞாயிற்றுக்கிழமை த்லாகொலூலா சந்தை. பின்னலில் ரிப்பன் கட்டிய பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மிளகாய் மட்டும் எத்தனை வகை! மக்காச்சோளமும் கொக்கோவும் அரைத்த தெஹாத்தே என்ற பானம் குடித்தேன், நுரை மேலே மிதக்கிறது, வெயிலுக்கு நல்லது. வறுத்த வெட்டுக்கிளியைத் தொடவில்லை. வழவழப்பாகப் பூச்சு பூசிய மண்சட்டி ஒன்று மருமகளுக்கு வாங்கலாம் என்று எடுத்தேன். சில பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும், சமைக்காதீர்கள் என்று வழிகாட்டிப் பெண் தடுத்துவிட்டாள். அதனால் கரண்டிதான் வருகிறது.

இப்போது காரியத்துக்கு வா. அந்த வீட்டில் உன்னைப் பற்றி நானே சொன்னேன், நீ கேட்டதையும் சொன்னேன். வழிகாட்டிப் பெண் ஸ்பானிஷில் சொல்ல, அவர் மனைவியோடு சபோதெக்கில் நெடுநேரம் பேசினார். கோபப்படவில்லை. ஊர்ப் பெயரும் நெய்தவர் பெயரும் ஒவ்வொரு விரிப்பிலும் இருக்க வேண்டும், பாதிப் பணம் முன்பணம், அவசரப்படுத்தக் கூடாது. இதற்குச் சம்மதமென்றால் நெய்து தருகிறோம் என்கிறார்கள். பெரிய எண்ணிக்கை கிடைக்காது. உன் கடைக்காரர்களில் விலையுயர்ந்த சரக்கு கேட்கும் ஒருவரிடம் மட்டும் வைத்துப் பார். மீதி விரிப்புகளுக்கு டிசைன் வேண்டுமென்றால் பவானியில் இன்னும் குழித்தறி ஓட்டுகிற நாலைந்து வீடுகளை எனக்குத் தெரியும். வந்ததும் நானே உன்னைக் கூட்டிப் போகிறேன். காசு கொடுத்து, பெயர் போட்டு வாங்கு.

சின்ன விரிப்பு ஒன்றைப் பேரம் பேசாமல் என் பணத்தில் வாங்கியிருக்கிறேன். அதை உன் அலுவலகத்தில் மாட்டலாம். பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

வெள்ளிக்கிழமை டல்லாஸ் திரும்புகிறேன். அதற்குள் முன்பணம் எவ்வளவு முடியும், எத்தனை விரிப்பு, எந்த அளவு என்று எழுது. முடியாது என்றாலும் எழுதிவிடு, அந்த வீட்டைக் காத்திருக்க வைக்கக் கூடாது. மருமகளைக் கேட்டதாகச் சொல். இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா