'தோற்றதும்' என்றால் எத்தனை மாதம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் பிரெஞ்சு வரலாற்றுக் கட்டுரையில், '1877 தேர்தலில் தோற்றதும் அதிபர் மக்மகோன் கண்ணியமாகப் பதவி விலகினார்' என்று ஒரு வரி. காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்களுக்குத் தெரியாததா? மே 16 அன்று பிரதமர் ஜூல் சிமோனுக்கு ஒரு கடிதம் எழுதியே அவரை வெளியேற்றியவர், நாடாளுமன்றக் கீழவையில் 363 உறுப்பினர்கள் எதிர்த்ததும் அந்த அவையையே கலைத்தவர், அப்புறம் பிரிஃபெக்டுகளை (நம் ஊர்க் கலெக்டர் மாதிரி) மாற்றி, மேயர்களைத் தூக்கி, அரசு அறிவிப்புக்கென்றே இருந்த வெள்ளைத் தாளில் தன் ஆட்களுக்குச் சுவரொட்டி அடித்து, இவ்வளவும் செய்து அக்டோபரில் தோற்றவர். 'அடங்க வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும்' என்று லீல் நகரில் பேசிய குடியரசுவாதிகளின் தலைவர் கம்பெத்தாவுக்கு 3 மாதச் சிறை, 2000 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பும் வந்தது. தோற்ற பிறகாவது விலகினாரா? நாடாளுமன்றத்துக்கு வெளியே ஆள் பிடித்து, ஒரு ஜெனரலைப் பிரதமராக்கிப் பார்த்தார். அவை அந்த அமைச்சரவையை ஏற்கவில்லை. டிசம்பரில் அடங்கினார். விலகியது 1879 ஜனவரி 30, அதுவும் மேலவையான செனட்டும் கைவிட்டுப் போன பிறகு, தளபதிகளை மாற்றும் ஆணையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. 15 மாதம் சார்! இவருக்குக் கண்ணியம் வேறு.

தோற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் தோற்று எட்டு மாதம் மோட்டார் அறைச் சாவியைத் தரவில்லை, நாங்கள் குடம் தூக்கினோம்.

அந்தப் பிரெஞ்சுக் கீழவைக்குப் புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவும் ஓர் உறுப்பினரை அனுப்பியது. புதுச்சேரியில் இத்தனை வாசகர்களை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வரி இல்லை, அதிபரின் மீசைக்கு ஒரு பத்தி! கம்பெத்தா படத்துக்குக் கீழே போன வருடம் வேறு யாரோ பெயரைப் போட்டீர்கள், எழுதினேன், பதிலில்லை. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தப்பினால் மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

31 வருடம் வரலாறு நடத்தியவன். இதே தவறை எழுதிய பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவர்களில் சிலர் இன்னும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

'தோற்றதும்' என்பதை '15 மாதம் கழித்து' என்று திருத்தி, மூலையில் ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுச்சேரி