தெஷாமின் இடது பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸ் கால்பந்து அணியின் பயிற்சியாளர் டிடியே தெஷாம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நல்ல வீரர்கள் வாய்த்ததால் ஜெயித்த அதிர்ஷ்டசாலி என்று அவரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அவருடைய அணி ஆடும் விதம் பலருக்குப் பிடிக்காது. அது அவரவர் ரசனை. ஆனால் அவர் களத்தில் யாரை எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்துவிட்டாவது தீர்ப்புச் சொல்லியிருக்கலாம்.

2018 உலகக் கோப்பையையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவுடனான முதல் ஆட்டத்தில் முன்வரிசைக்கு எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பெலே. மூவரும் வேகமானவர்கள். ஆனால் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி நிறுத்தித் தர ஆளில்லை. தட்டுத்தடுமாறி 2-1 என்று ஜெயித்தார்கள். ஒன்று பெனால்டி, மற்றது ஆஸ்திரேலிய வீரர் மேல் பட்டு உள்ளே போனது. அடுத்து பெருவுடன் ஆடும்போது தெஷாம் இரண்டே மாற்றங்கள் செய்தார். டெம்பெலே, தொலிசோ வெளியே. பந்தை வாங்கி நிறுத்தித் தரும் முன்கள வீரர் ஜிரூவும் மத்துய்தியும் உள்ளே. கோப்பையை வென்றது இந்த அமைப்புதான்.

காகிதத்தில் அது 4-2-3-1: தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், அவர்களுக்கு முன் மூவர், முனையில் ஒருவர். மத்துய்தியின் பெயர் இடது விங்கர் (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) இடத்தில் இருக்கும். ஆனால் அவர் விங்கரே அல்ல, நடுக்கள வீரர். பந்து பறிபோன நொடியில் உள்ளே ஓடிவந்து காந்தே, போக்பா பக்கத்தில் மூன்றாம் ஆளாக நின்றுவிடுவார். அந்த ஓட்டம் இருப்பதால்தான் வலது பக்கத்தில் எம்பாப்பே தற்காப்புக்கு இறங்காமல் முன்னாலேயே காத்திருக்க முடிந்தது. இடது ஓரம் காலியாகுமே என்றால், லெஃப்ட் பேக் (இடது ஓரத் தற்காப்பு வீரர்) லூக்கா எர்னாண்டஸ் அங்கே மேலேறிப் போவார். அர்ஜென்டினாவுக்கு எதிராக 1-2 என்று பின்தங்கியிருந்தபோது பவார் அடித்த கோலை மறுபடி பாருங்கள்: எர்னாண்டஸ் இடது ஓரத்திலிருந்து அனுப்பிய பந்து பெட்டி முழுவதையும் கடந்து, வலது பக்கத்திலிருந்து வந்த பவாரிடம் போகிறது. அடுத்த பதினோரு நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல்.

இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. காலிறுதியில் உருகுவேயுடன் ஆட மத்துய்திக்குத் தடை. வேறொரு பயிற்சியாளராக இருந்தால் டெம்பெலேவையோ லெமாரையோ போட்டிருப்பார். தெஷாம் போட்டது தொலிசோவை. அவரும் நடுக்கள வீரரே. ஆள் மாறினாலும் வேலை மாறவில்லை. 2-0 வெற்றி.

கட்டுரையாளர் கேலி செய்த இன்னொரு விஷயம், ஜிரூ ஏழு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பது. உண்மைதான். ஆனால் கோல் அடிப்பது அவருக்கு ஒப்படைத்த வேலைகளில் ஒன்று மட்டுமே. எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளை (நடுத் தற்காப்பு வீரர்களை)த் தன் உடம்போடு கட்டிவைத்தால், பின்னால் கிரீஸ்மனுக்கு இடம் கிடைக்கும். ஃப்ரீ கிக், கார்னர் கணக்கையும் சேர்க்க வேண்டும். உருகுவேக்கு எதிராக வரான் தலையால் போட்டது கிரீஸ்மனின் ஃப்ரீ கிக்கில். பெல்ஜியத்துக்கு எதிராக உம்தித்தி போட்டது அவரது கார்னரில். இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் மான்ஜுகிச் தன் வலையிலேயே தள்ளியதும் அவர் அடித்த ஃப்ரீ கிக். 38-ஆவது நிமிடப் பெனால்டி ஒரு கார்னரின்போது பந்து கையில் பட்டதால் வந்தது. அழகான ஆட்டம் என்று நானும் சொல்லமாட்டேன்.

அதே இறுதி ஆட்டத்தில் இன்னொன்று. காந்தே மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். குரோஷியா அவரைச் சுற்றியே பந்தைச் சுழற்றியது. 55-ஆவது நிமிடத்தில், பிரான்ஸ் 2-1 என்று முன்னிலையில் இருக்கும்போதே, உலகின் தலைசிறந்த பந்துபறிப்பாளரான காந்தேயை தெஷாம் வெளியே எடுத்து நெடியவரான என்சோன்சியை இறக்கினார். நான்கே நிமிடத்தில் போக்பா கோல்.

இந்த ஏற்பாடு அவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அன்றைய பயிற்சியாளர் ஏமே ஜாக்கே அமைத்த அணியில், ஜிதானுக்கும் ஜோர்காயஃபுக்கும் பின்னால் கரம்பே, பெத்தி, தெஷாம் என மூன்று உழைப்பாளிகள். ஜிதான் விட்டுவிட்டு வரும் இடத்தை மூடும் வேலையைக் காலால் செய்த அந்த கேப்டன் தெஷாம், இருபது வருடம் கழித்து அதே வேலைக்கு மத்துய்தியைப் பொறுக்கினார்.

எங்கே சறுக்கினார் என்றும் பார்க்க வேண்டும், கட்டுரை அதையும் சொல்லவில்லை. 2021 ஜூனில் யூரோ கோப்பையில் புக்கரெஸ்டில் சுவிட்சர்லாந்துடன் ஆடியபோது லெஃப்ட் பேக்குகளான எர்னாண்டஸ், தீஞ் இருவருமே ஆடும் நிலையில் இல்லை. மூன்று சென்டர் பேக் வைத்து, ராபியோவை இடது ஓரத்தில் நிறுத்தினார். பழக்கமில்லாத அமைப்பு, 15-ஆவது நிமிடத்தில் தற்காப்பு வீரர் லாங்லேயை மீறித் தலையால் முட்டி சுவிஸ் வீரர் செஃபெரோவிச் கோல். இடைவேளையில் லாங்லேக்குப் பதில் கோமானை இறக்கி நால்வர் தற்காப்புக்குத் திரும்பினார். 3-1 வரை போய், கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் விட்டு, பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றார்கள். பழி முழுக்க எம்பாப்பேயின் தவறவிட்ட உதையின் மேல் விழுந்தது. என் பார்வையில் தவறு அணிப் பட்டியல் எழுதும்போதே நடந்துவிட்டது.

2022 கத்தார் உலகக் கோப்பையில் எம்பாப்பே இடது பக்கத்துக்கு மாறிவிட்டார். அவர் விட்ட இடத்தை ராபியோ மூடினார். 2018-இல் காத்திருப்போர் பட்டியலில் இருக்க மறுத்து மின்னஞ்சல் அனுப்பிய அதே ராபியோ! 2020-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார் தெஷாம். இறுதி ஆட்டத்தில் அடி விழுந்தது மறுபக்கத்தில்: அர்ஜென்டினாவின் டி மரியா, டெம்பெலேயைத் தாண்டிப் போய் பெனால்டி வாங்கினார், பிறகு தானே ஒரு கோலும் போட்டார். 41-ஆவது நிமிடத்திலேயே ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியேற்றும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? அதே மனிதர்தான் 2024 யூரோவில், அரையிறுதி வரைக்கும் ஓடும் ஆட்டத்தில் (பெனால்டியும் எதிரணியின் சொந்த வலைக் கோலும் தவிர) தன் வீரர் ஒருவரும் கோல் அடிக்காத அணியைச் சரிசெய்ய முடியாமல் ஓட்டினார். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

தகவல் பிழைகள் சில. வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்ற முதல் ஆள் தெஷாம் அல்ல. பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவருக்கு அடுத்து மூன்றாமவர். 2006-07-இல் அவர் பயிற்சியளித்த யுவெண்டஸ் கிளப் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் 30 புள்ளி அபராதத்தோடு ஆடியதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் அபராதம் 30. அது 17 ஆகி, கடைசியில் 9-இல் நின்றது. அந்த ஒன்பதையும் கழித்துத்தான் முதலிடம் பிடித்தார்கள். மொனாக்கோவை 2004 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கொண்டுபோனதை ஒரு வரியில் தாண்டியதும் சரியல்ல. 2003-இல் கடன் காரணமாகக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் நிலையில் இருந்த கிளப் அது. ரியல் மாட்ரிட் இரவலாக அனுப்பிய வீரர் மொரியெந்தெஸை வைத்தே ரியலை வெளியேற்றினார். இறுதியில் போர்டோவிடம் 3-0 தோல்வி. 23-ஆவது நிமிடத்தில் கேப்டன் ஜியுலி காயத்தோடு வெளியேறியதும் எதிர்த்தாக்குதலின் வேகமே போய்விட்டது.

பெட்டிச் செய்தியில் அவர் பயிற்சியளித்த மார்செய் கிளப்புக்கு 2010 லீக் பட்டத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று லீக் கோப்பைகளும் (லீக் பட்டத்திலிருந்து வேறான நாக்-அவுட் போட்டி) அவர் காலத்தில் வந்தவை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி