கனரக வாகனப் பயிற்சியில் நடக்கும் குறுக்குவழிகளைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் புதிதாகக் கனரக உரிமம் பெற்ற லாரி ஓட்டுநர்களும், ஓட்டுநர் பயிற்சியில் இருப்பவர்களும்.

பெறுநர்:
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், சென்னை.

நகல்: நாமக்கல், சேலம், தருமபுரி மாவட்ட ஆட்சியர்கள்.

பொருள்: கனரக ஓட்டுநர் பயிற்சிப் பதிவேடுகளைச் சரிபார்த்தல், பாரம் ஏற்றிய வண்டியில் பயிற்சி அளித்தல், லைனில், அதாவது லோடு ஏற்றி ஓடும் பயணத்தில், பழக்கும் மூத்த ஓட்டுநருக்குப் பொறுப்பு வகுத்தல் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

ஒருவருக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பதற்கு அரசிடம் இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5இல் இருப்பது, மற்றொன்று தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளருடையது. ஆனால் உரிமம் கைக்கு வந்தபின் முதல் சில மாதங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தொழிலை உண்மையாகக் கற்றுத் தருபவர் லைனில் வரும் மூத்த ஓட்டுநர். அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவர் நல்லவராக அமைந்தால் புதியவர் பிழைத்தார். குறுக்குவழிக்காரராக அமைந்தால், அவருடைய பழக்கங்கள் எல்லாம் புதியவருக்கும் ஒட்டிக்கொள்கின்றன. இந்த இடைவெளியை அடைக்கக் கோரியே இம்மனு.

முதலில் பள்ளிகள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 31இன்படி கனரக வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையாமலும், வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். யார் எத்தனை மணி ஓட்டினார் என்பதைப் படிவம் 15 பதிவேட்டில் எழுத வேண்டும். நடப்பில் சில பள்ளிகளில் இந்தப் பதிவேடு மாதக் கடைசியில் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் நிரம்பிவிடுகிறது. பயிற்சியாளர் வெற்றுக் கட்டங்களில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். "டெஸ்டுக்குத் தேவையானதை மட்டும் பழகு, மற்றது லைனில் தானாக வரும்" என்பதுதான் பாடம்.

இதைக் கண்டுபிடிக்கத் தனி விசாரணை வேண்டியதில்லை, பெருக்கல் போதும். ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் பள்ளி மாதம் 30 பேருக்குச் சான்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 15 மணி என்றால் 450 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அந்த வண்டி தினம் 15 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். மெதுவாக, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருந்தால்கூட மாதத்தில் 6,750 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஓடோமீட்டரையும் டீசல் ரசீதையும் படிவம் 15க்குப் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். 2021இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு நடுத்தர, கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம் என்று வகுத்து, அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கும் தரப்பட்டிருக்கிறது. அலுவலகத் தேர்வு இல்லாத இடத்தில் பதிவேடுதான் பெரிய காவல். அது பொய்யானால் பெரிய தடை வேறு இல்லை.

பள்ளி லாரிக்கும் லைன் லாரிக்கும் உள்ள வேறுபாட்டையும் தாங்கள் கருத வேண்டும். விதி 24இன்படி பள்ளி வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் கட்டுப்பாட்டு வசதி இருக்க வேண்டும். பயிற்சியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்று ஆகியவை வேண்டும். பழகுநர் உரிமத்தில் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி 3. லைன் லாரியில் கிளீனர் சீட்டில் இருப்பவருக்குக் காலுக்கு எட்டும் பிரேக் கிடையாது. ஹேண்ட்பிரேக் குமிழும் ஓட்டுநர் பக்கத்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்தாலே நிலைமை இப்படி. ஆனால் பல வண்டிகளில் இரவு 11 மணிக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பழகுநர் கையில் கொடுத்துவிட்டு மூத்தவர் பின் பெர்த்தில் படுத்துவிடுகிறார். வண்டியில் சிவப்பு 'எல்' பலகையும் இருப்பதில்லை.

இனி, குறுக்குவழிகளிலேயே உயிர் வாங்குவதைப் பற்றி. இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுவது. தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் நடக்கும் லாரி விபத்துகளில் இது திரும்பத் திரும்ப வெளிப்படும் காரணம். நியூட்ரலில் வராதே என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் நிலைக்குக் காவல் துறை வந்தது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த விபத்துகளைத் தாங்கள் அறிவீர்கள். இருந்தும் "டீசல் மிச்சம்" என்று மூத்தவர் இதையே கற்றுத் தருகிறார். மைலேஜ் காட்டினால் காசு என்று முதலாளி சொல்லும் இடங்களில் இது இன்னும் வேகமாகப் பரவுகிறது.

அந்த டீசல் கணக்கே தவறு. கணினி வழி டீசல் செலுத்தும் இன்றைய காமன் ரெயில் என்ஜினில் வண்டி கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜெக்டருக்குப் போகும் டீசலைக் கணினி நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்கு டீசல் ஊற்றியாக வேண்டும். ஆக, அந்த இறக்கத்தில் நியூட்ரல்தான் டீசல் குடிக்கிறது. பழைய பம்ப் என்ஜின் காலத்துப் பேச்சை இன்றைய வண்டியிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபத்து எப்படி வருகிறது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது. அது என்ஜினைத்தான் பிடிக்கும், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்திருக்கும். முழு எடையும் சக்கர டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் மேல் விழுகிறது. டிரம் சூடேறி விரிகிறது, லைனிங்கின் பிடிமானம் குறைகிறது, பெடல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பயந்து பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் பிரேக்கை இயக்கும் காற்று டேங்கில் குறைகிறது. கீழ் கியர் போடலாம் என்று பார்த்தால் அந்த வேகத்தில் பற்கள் சேராது, கியர் பெட்டி அலறும், நியூட்ரலிலேயே நிற்கும். என்ஜின் அணைந்துபோனால் கம்ப்ரசர் நின்றுவிடும், ஸ்டீயரிங்கும் கல்லாகும்.

சரியான முறை சிக்கலானதல்ல. இறக்கம் தொடங்கும் முன்பே, பாளையம் சுங்கச்சாவடியில் நின்று புறப்படும் மெதுவான வேகத்திலேயே, கீழ் கியரைப் பிடிக்க வேண்டும். அந்தப் பாரத்தோடு எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற முடியுமோ அந்தக் கியர், அல்லது அதற்கும் ஒன்று கீழே. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வைக்க வேண்டும். வேகம் கூடினால் கால் பிரேக்கை ஒரே சீராக மிதித்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, விட்டுவிட வேண்டும். காலை மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக் கூடாது. கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். வெறும் வண்டியில் மைதானத்தைச் சுற்றிப் பழகியவருக்கு இதில் ஒன்றும் உடம்பில் ஏறியிருக்காது. பாரம் இல்லாத லாரி எந்தக் கியரிலும் நிற்கும்.

அடுத்தது புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனை. "சுத்திப் பார்த்துக்கிட்டு நின்னா லோடு போய்ச் சேராது" என்ற ஒரே வாக்கியத்தில் இது முடிந்துவிடுகிறது. உண்மையில் 15 நிமிட வேலை. ஏர் டேங்க் வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். விட்டால் தண்ணீரும் எண்ணெய்க் கசடும் வால்வுகளுக்குள் போய் அடைக்கும். மீட்டர் 7 பாரைத் தாண்டியபின் என்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்து, ஓரிரு நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் தொடர்ந்து இறங்கினால் எங்கோ கசிவு. பிறகு விட்டு விட்டு மிதித்துக் காற்றை இறக்கினால் சுமார் 5 பாரில் எச்சரிக்கை பஸ்ஸர் அடிக்க வேண்டும். பல வண்டிகளில் அது அடிக்காது, சத்தம் தொந்தரவு என்று வயரைப் பிடுங்கியிருப்பார்கள். இரட்டை டயரில் உள் டயர் காற்றில்லாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கம்பியால் தட்டினால் சத்தத்தில் தெரியும். வீல் நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு இருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சக்கரம் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். டிரெய்லராக இருந்தால் கொக்கி பூட்டியபின் டிரெய்லர் பிரேக்கைப் போட்டு, முன்னால் மெதுவாக இழுத்துப் பார்க்காமல் டிரெய்லரின் தாங்கு கால்களைத் தூக்கவே கூடாது.

இதில் மிக மோசமான ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காற்று கசிந்து பின் சக்கர ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொண்டால், அந்தப் பிரேக்கின் காற்றுக் குடுவையான சேம்பருக்குப் பின்னால் உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை விடுவித்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவது. ரோட்டை மறித்து நிற்கும் வண்டியைப் பட்டறைவரை மெதுவாக நகர்த்துவதற்கான வழி அது. அதையே வைத்துக்கொண்டு லோடு இறக்கும்வரை ஓட்டினால், ஹேண்ட்பிரேக்கும் இல்லை, காற்று போனால் தானாகப் பிடிக்கும் கடைசிப் பாதுகாப்பும் இல்லை. இதைச் சாமர்த்தியமாகக் கற்றுத் தருகிறார்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை ஏமாற்றுவது, பழுதான வண்டிக்குப் பின்னால் முக்கோணப் பலகை வைக்காமல் பாறாங்கல்லை வைத்து, கிளம்பும்போது கல்லைச் சாலையிலேயே விட்டுப் போவது, பின்னால் ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுப்பது ஆகியவற்றைத் தங்கள் ஆய்வாளர்கள் நன்கறிவார்கள். கூலியை மிச்சப்படுத்தக் கிளீனரே இல்லாமல் வண்டிகள் ஓடுவதால், பார்த்துப் பார்த்துப் பழகும் பழைய வழியும் அடைபட்டுவருகிறது. 2019இல் எட்டாம் வகுப்புக் கல்வித் தகுதி நீக்கப்பட்டதை நாங்கள் வரவேற்கிறோம். ஏட்டுப் படிப்பு குறைந்தவருக்குச் செய்முறைப் பயிற்சி இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதே அதன் மறுபக்கம்.

புதியவர் ஏன் மறுப்பதில்லை என்று கேட்கலாம். மறுத்தால் அடுத்த லோடுக்கு ஆள் மாறிவிடும். படிக்காசும் போகும், "இவன் லைனுக்கு ஆக மாட்டான்" என்ற பேரும் வரும். ஒப்புக்கொண்டு ஓட்டி விபத்தில் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106இன்கீழ் வழக்கு ஸ்டீயரிங்கில் இருந்தவர் மேல் பாயும். அப்படி ஓட்டச் சொன்னவர் வாய்மொழியாகத்தான் சொன்னார். இன்றைக்குப் புதியவர் செய்யக்கூடியது, வண்டியை ஏற்கும் முன் பழுதுகளை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பி வைப்பதும், கியர் தன் கையில் இருக்கும்வரை நியூட்ரலுக்கு இணங்காமல் இருப்பதும்தான். இது எல்லாருக்கும் முடிகிற காரியம் அல்ல.

எனவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுகிறோம்.

கனரகப் பயிற்சிப் பள்ளிகளின் படிவம் 15 பதிவேட்டை ஓடோமீட்டர் அளவோடும் டீசல் ரசீதோடும் ஒப்பிட்டு, முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு வகுப்பின் தொடக்க, முடிவு கிலோமீட்டரும் அதில் எழுதப்பட வேண்டும். பயிற்சி பெறுபவருக்கு அதன் நகல் கிடைக்க வேண்டும். கணக்கு உதைக்கும் பள்ளிகளின் உரிமத்தின் மேல் நடவடிக்கை வேண்டும்.

15 மணி நேரத்தில் ஒரு பகுதியாவது பாரம் ஏற்றிய வண்டியில், ஏற்ற இறக்கம் உள்ள சாலையில் நடக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைப் போன்ற இடங்களின் உதவியோடு, வசதியில்லாத பள்ளிகளின் மாணவர்களுக்கும் இதை ஏற்பாடு செய்யலாம்.

தேர்வில் வண்டியை நகர்த்தும் முன் ஏர் பிரேக் சோதனையை விண்ணப்பதாரரே செய்து காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

புதிதாகக் கனரக உரிமம் பெற்றவரை வேலைக்கு வைக்கும் உரிமையாளர், பழக்கும் மூத்த ஓட்டுநரின் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, வண்டி ஆவணங்களோடு வைத்திருக்கும்படி சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முதல் 3 மாதங்களுக்கு மலைச் சாலையில் இரவில் புதியவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். பழகுநர் உரிமக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு மூத்தவர் உறங்குவது தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 180இன்கீழ் உரிமையாளர் மேலும் 5,000 ரூபாய் அபராத நடவடிக்கை எடுக்க ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். அபராதம் பழகுநரோடு முடிந்துவிடக் கூடாது.

தொப்பூர் இறக்கத்துக்கு முன் பாளையம் சுங்கச்சாவடி அருகே தங்கள் துறையும் காவல் துறையும் சேர்ந்து, பாரம் ஏற்றிய லாரிகளின் பஸ்ஸரையும் ஸ்பிரிங் பிரேக் போல்ட்டையும் பார்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

பயிற்சிக் குறைபாடுகளைப் பெயர் வெளியாகாமல் தெரிவிக்கத் தமிழில் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை அறிவிக்க வேண்டும். லைனில் இருப்பவர்கள் இரவில்தான் அழைப்பார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவை குறித்து நேரில் விளக்கவும், ஆய்வின்போது உடனிருக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட ஓட்டுநர்களும் பயிற்சியாளர்களிடம் பழகுபவர்களும்
(கையெழுத்துகள் தனித் தாளில்)

இடம்: நாமக்கல்

இணைப்பு: புறப்படும் முன் செய்ய வேண்டிய ஏர் பிரேக், டயர், கொக்கிச் சோதனைக்கான ஒரு பக்க மாதிரித் தாள், பயிற்சி கிலோமீட்டர் பதிவு மாதிரி.